கற்பிட்டிக் கோட்டை யாருக்குச் சொந்தம்?

ஐரோப்பாவில் உள்ள சிறிய நாடுகளில் ஒன்று நெதர்லாந்து. அதன் பரப்பளவு ஏறத்தாழ 41,500 சதுர கிலோமீற்றர். நம் இலங்கையின் பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர். நம்முடைய நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு கூட இல்லாத அந்த நாட்டைத்தான் நம் பாட்டன் பூட்டன்மார் 'ஒல்லாந்து' என்றார்கள். அந்த நாட்டவர் கட்டிய கட்டடத்தைப் பார்க்க வேண்டுமானால் விமானம் ஏறத் தேவையில்லை. பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ்ஸில் ஏறினால் போதும். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல் என்று நீண்டு கிடக்கும் நம் குடாநாட்டின் நுனியில், களப்பைப் பார்த்தபடி ஒரு கோட்டை நிற்கிறது.

வெளிநாட்டிலிருந்து பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருபவர்களும் டொல்பின் பார்க்க வருபவர்களும் அந்தக் கோட்டையைத் தேடிப் போகிறார்கள். புத்தளம் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் அதன் உள்ளே கால் வைத்திருக்கிறோம்? இந்தக் கேள்வியை என் வகுப்பில் கேட்டேன். கை தூக்கியவர்கள் மிகச் சிலர். "அது வெள்ளைக்காரன் கட்டினது, நமக்கென்ன?" என்று ஒரு தோழி சொன்னாள். அவள் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரையில் எடுத்துப் பேச விரும்புகிறேன். ஏனென்றால் அது அவள் ஒருத்தியின் கருத்தல்ல. நம் பெற்றோர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

முதலில் அந்தக் கோட்டை எப்படி வந்தது என்று பார்ப்போம். புத்தளமும் கற்பிட்டியும் கண்டி இராச்சியத்தின் கடல் வாசல்களாக இருந்தவை. கண்டி நாட்டின் பாக்கு இந்த வழியாகத்தான் இந்தியாவுக்குப் போனது. துணியும் வேறு பண்டங்களும் இந்த வழியாகத்தான் உள்ளே வந்தன. அந்த வியாபாரத்தில் நம் முன்னோர்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரின் துணையை நாடிய இரண்டாம் இராஜசிங்க மன்னன், கரையோர இடங்கள் தன்னிடம் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தான். ஆனால் 1659இல் கற்பிட்டியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1667இல் கோட்டை கட்டத் தொடங்கி 1676இல் முடித்தார்கள். மன்னனின் கடல் வியாபாரத்தின் கழுத்தில் கை வைப்பதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கற்பிட்டி என்ற பெயர் அவர்களுடைய வாயில் 'கல்பெந்தீன்' ஆனது. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கோட்டை கிட்டத்தட்டச் சதுரமானது. நான்கு மூலையிலும் நான்கு கொத்தளங்கள். சுமார் 4 மீற்றர் உயரமான மதில்கள். மதிலுக்கான கல் ஒல்லாந்திலிருந்து வரவில்லை. இந்தக் குடாநாட்டிலும் அதைச் சுற்றியும் கிடைத்த முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும்தான். களப்பை நோக்கிய ஒரேயொரு வாசல் மட்டும் ஒல்லாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த மஞ்சள் நிறச் செங்கல்லால் ஆனது. வாசலின் மேலே மணி தொங்கவிடும் மாடம் இருக்கிறது. உள்ளே தளபதியின் வீடு, படைவீரர் தங்குமிடம், சிற்றாலயம், சிறை, பண்டகசாலைகள் ஆகியவற்றின் எச்சங்கள் இருக்கின்றன.

செங்கல்லை ஏன் கப்பலில் ஏற்றி வர வேண்டும்? இதற்கு விடை அவர்களுடைய நாட்டில் இருக்கிறது. நெதர்லாந்தின் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு கடல்மட்டத்தை விடத் தாழ்வானது. அங்கே மலையும் பாறையும் அரிது. கட்டுவதற்குக் கல் இல்லாததால் ஆற்றுக் களிமண்ணைச் சுட்டுச் செங்கல்லாக்கினார்கள். தண்ணீர் வாய்க்கால்களுக்கு நடுவே, சேற்று நிலத்தில் மரக்கம்பங்களை அடித்து இறக்கி அவற்றின் மேலே வீடு கட்டினார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரத்து மாளிகையொன்று 13,659 மரக்கம்பங்களின் மேலே நிற்கிறது. காற்றாலைகளைக் கொண்டு தண்ணீரை இறைத்து நிலத்தை மீட்டார்கள். அப்படி 1612இல் வற்ற வைத்த பேம்ஸ்டர் என்ற ஏரிநிலமும், கிண்டர்டைக் என்ற ஊரின் 19 காற்றாலைகளும், ஆம்ஸ்டர்டாம் நகரின் வாய்க்கால் வளையமும் இன்று யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. கடலோடு மல்லுக்கட்டிக் கட்டியதால்தான் அந்தச் சின்ன நாட்டின் கட்டடக்கலை உலகத்துக்குத் தெரிந்தது.

அந்த மனிதர்கள் இங்கே வந்ததும் தாங்கள் கற்ற முறையிலேயே கட்டவில்லை. ஆம்ஸ்டர்டாமில் வீடு ஒடுங்கலாகவும் உயரமாகவும் இருக்கும். நம் நாட்டில் அவர்கள் கட்டிய வீடோ அகலமானது, தாழ்ந்த ஓட்டுக்கூரை உடையது, முன்னால் தூண் வைத்த விறாந்தை கொண்டது. வெயிலும் மழையும் இந்த மண்ணின் கொத்தனும் தச்சனும் சேர்ந்து அவர்களுடைய வீட்டை மாற்றிவிட்டார்கள். முருகைக்கல்லை எடுத்து, சுண்ணாம்பு சுட்டுக் குழைத்துச் சுவர் எழுப்பும் வேலை இந்தக் கரைக்குத் தெரிந்த வேலை. ஆகவே 'வெள்ளைக்காரன் கட்டினது' என்ற சொல்லிலேயே பிழை இருக்கிறது. வரைபடம் அவர்களுடையது, கல்லும் சுண்ணாம்பும் இங்கிருந்து எடுக்கப்பட்டவை.

வேர்வை யாருடையது என்பதையும் மறக்கக் கூடாது. ஒல்லாந்தர் காலத்தில் முஸ்லிம்கள் மீதும் செட்டிமார் மீதும் 'ஊழியம்' என்ற கட்டாய வேலை சுமத்தப்பட்டிருந்தது. முஸ்லிம்களின் வியாபாரத்துக்கும் குடியிருப்புக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. நம் நாட்டின் மலாய்ச் சகோதரர்களின் முன்னோர்களில் பலர் ஒல்லாந்தரின் கப்பல்களில் சிப்பாய்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் வந்தவர்கள். மக்காசார் தேசத்து அறிஞர் ஷெய்க் யூசுப் அவர்களை 1684இல் இலங்கைக்கு நாடு கடத்தியவர்களும் அவர்களே. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஒல்லாந்தரைப் புகழ்வதற்காக அந்தக் கோட்டையைக் காப்பாற்றச் சொல்லவில்லை. நமக்கு நடந்ததற்கு ஒரு சாட்சி வேண்டும். புத்தகத்தில் எழுதாமல் விடப்பட்டதையும் சுவர் சில நேரம் சொல்லும். சுவரே இல்லாமல் போனால் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

சரி, அவர்கள் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதே என்று சிலர் கேட்கலாம். போனவர்கள் எதையும் மீதம் வைக்காமல் போகவில்லை. காலையில் எழுந்து ஜன்னலைத் திறக்கிறோம், கதிரையில் உட்காருகிறோம், மேசையில் சாப்பிடுகிறோம், அலுமாரியில் சாவி போடுகிறோம். இவை போர்த்துக்கேயர் தந்த சொற்கள். வாப்பாமார் பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போகும் 'கந்தோர்' ஒல்லாந்தர் தந்த சொல். வீட்டிலும் வாயிலும் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொல்லை நம்முடையதாக்கிக்கொண்ட நாம் கட்டடத்தை மட்டும் ஏன் அந்நியமாக வைத்திருக்க வேண்டும்?

காலி நகரத்து முஸ்லிம்கள் இதில் நமக்கு முன்மாதிரி. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய காலிக் கோட்டைக்குள் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். வெளிச்ச வீட்டுக்கு எதிரே இருக்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் 1904இல் கட்டப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் ஐரோப்பிய தேவாலயம் போலத் தோன்றும். கிட்டப் போனால் பிறையும் அரபு எழுத்தும் தெரியும். அந்தக் கோட்டையை 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. அது வெறும் மதில்களுக்காக இருந்திருந்தால் பாழடைந்த ஒரு இடமாகத்தான் இருந்திருக்கும். உள்ளே மனிதர்கள் வாழ்ந்தார்கள், தொழுதார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். அதனால் அது உயிரோடு இருக்கிறது. 2004 சுனாமியின்போது அந்த மதில்கள் உள்ளே இருந்தவர்களைப் பெருமளவுக்குக் காத்தன என்பதும் நமக்குத் தெரியும்.

எல்லாக் கோட்டைக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. நீர்கொழும்புக் கோட்டையின் வாசலில் 1678 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அது இன்று சிறைச்சாலை. யாழ்ப்பாணக் கோட்டை யுத்தத்தில் சிதைந்து, உள்ளே இருந்த பழைய ஒல்லாந்தர் தேவாலயம் அடியோடு அழிந்து, பின்னர் நெதர்லாந்தின் உதவியோடு மதில்கள் திருத்தப்பட்டன. நம் கற்பிட்டிக் கோட்டை கடற்படை முகாமுக்குள் இருக்கிறது. அனுமதி கேட்டுப் பெற்று, கடற்படை வீரர் ஒருவரின் துணையோடுதான் சுற்றிப் பார்க்கலாம். அதனால்தான் கல்லைக் களவெடுத்து வீடு கட்டாமல் கோட்டை தப்பியது என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் காப்பாற்றப்பட்ட ஒன்றைச் சொந்தக்காரப் பிள்ளைகள் பார்க்காமலே வளர்ந்தால், காப்பாற்றியதன் பயன் பாதிதான்.

இங்கே என் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் உம்மம்மா மன்னார் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவரும் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார். ஓலைக் கொட்டிலில்தான் என் உம்மா வளர்ந்தார். உம்மம்மாவிடம் அவருடைய பழைய வீட்டைப் பற்றிக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: எத்தனை தூண், எந்தப் பக்கம் கிணறு, மழைநீர் முற்றத்தில் எப்படி விழும் என்று. அந்த வீட்டின் ஒரு படமும் எங்களிடம் இல்லை. சுவரும் இல்லை. அவர் மௌத்தான பிறகு அந்த வீடு எங்கே இருக்கும்? இந்தக் கேள்வி வந்த பிறகுதான் கட்டட மரபுரிமை என்பது பணக்கார நாடுகளின் பொழுதுபோக்கல்ல என்று எனக்கு உறைத்தது. இடம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம் தேவை.

ஆகவே கோட்டையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்முடைய கட்டடங்களைப் பற்றியும் பேச வேண்டும். நம் கரையோர ஊர்களில் சுண்ணாம்புச் சுவரும் மரத் தூணும் வைத்த பழைய வீடுகளும் சிறிய பள்ளிவாசல்களும் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. சனம் பெருகும்போது பள்ளிவாசல் பெருக வேண்டியதுதான். அதில் மறுப்பில்லை. ஆனால் இடிப்பதற்கு முன்னால் ஒரு படம், ஒரு அளவு, ஒரு பெயர்ப் பட்டியல் எடுத்து வைக்கிறோமா? வெளிநாட்டில் பார்த்த குவிமாடம் போலவே நம் ஊரிலும் வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். நம் ஊர்க் கொத்தனார் முருகைக்கல்லில் கட்டிய மிஹ்ராபு எப்படி இருந்தது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை.

இன்னொன்றும் உண்டு. திருத்துகிறோம் என்று நினைத்துக் கெடுப்பது. பழைய சுவர் பெயர்ந்தால் உடனே சீமெந்து பூசுகிறோம். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை இழுத்து வெளியே விடும் தன்மை கொண்டவை. மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப்போகும். கடற்காற்றின் உப்பும் அதோடு சேரும். சில வருடங்களில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று, பழைய கல்லையும் கூடவே இழுத்துக்கொண்டு விழும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து. இது தெரியாமல் நல்ல மனதோடு செலவழித்த பணமே கட்டடத்துக்கு எதிராகிவிடும்.

எழுதி வைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா 'பத்தாலா' என்ற ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார். மரத்தால் ஆன மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிறிய ஊர் அது என்கிறார். அது நம் புத்தளமே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த மரமதிலின் ஒரு துண்டு கூட இன்றில்லை. ஆனால் ஒரு பயணி எழுதி வைத்ததால் அப்படி ஒன்று இருந்தது என்று தெரிகிறது. அதேபோல் 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களைப் பற்றி ஒரு பெரிய விவரத் தொகுப்பை வெளியிட்டார். கற்பிட்டிப் பிள்ளை ஒருவர் நாடு முழுவதையும் எழுதினார். நாம் நம் தெருவையாவது எழுத வேண்டாமா?

நெதர்லாந்திடம் நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. 1987 முதல் ஒவ்வொரு ஆண்டும் செப்டெம்பர் மாதத்தில் அங்கே 'திறந்த நினைவுச்சின்ன நாள்' நடக்கிறது. மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகள், ஆலைகள், ஆலயங்கள் எனப் பல கட்டடங்கள் அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்படும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. தொண்டர்கள் நின்று விளக்கம் சொல்வார்கள். நம்மைக் கட்டுப்படுத்தக் கோட்டை கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் ஊரில் கதவுகளைத் திறந்துவிடக் கற்றுக்கொண்டார்கள். நாமும் அதைச் செய்யலாம்.

என் யோசனைகள் பெரியவை அல்ல. வருடத்தில் ஒரு நாள், கடற்படையினரின் ஒத்துழைப்போடும் தொல்பொருள் திணைக்களத்தின் வழிகாட்டலோடும், மாவட்டத்துப் பாடசாலைகளுக்காகக் கோட்டை வாசல் திறக்கட்டும். அன்று விளக்கம் சொல்பவர்களாக உயர்தர மாணவிகளே நிற்கட்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நாங்கள் சொல்வோம். கட்டிய ஆளுநரின் கதையோடு கல் சுமந்தவரின் கதையையும் சொல்வோம். அதே நாளில் ஒல்லாந்தர் தேவாலயத்தையும் ஊரின் பழைய பள்ளிவாசலையும் கோயிலையும் ஒரே சுற்றில் பார்க்கட்டும். அடுத்தவர் வழிபடும் இடத்தின் கட்டடத்தை அறிந்து மதிப்பது ஒரே ஊரில் வாழ்பவர்களுக்கு நல்லது.

இரண்டாவது, பள்ளிவாசல் நிருவாக சபைகளிடம் ஒரு வேண்டுகோள். எந்தப் பழைய கட்டடத்தையும் இடிப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன் பக்கத்துப் பாடசாலைக்கு ஒரு சொல் அனுப்புங்கள். நாங்கள் அளவு நாடாவும் கொப்பியும் கொண்டு வருவோம். நீளம், அகலம், தூண், கதவு எல்லாவற்றையும் அளந்து படம் எடுத்து, வயதானவர்களிடம் கேட்டு எழுதி, நூலகத்தில் ஒரு பிரதி வைப்போம். கட்டடம் போனாலும் கணக்கு இருக்கும்.

மூன்றாவது, பெற்றோர்களுக்கு. "பொம்புளப் புள்ள கோட்ட பார்த்து என்ன செய்யப் போகுது?" என்று கேட்காதீர்கள். பேராதனையிலும் களனியிலும் யாழ்ப்பாணத்திலும் தொல்லியல் படிக்கலாம். மொரட்டுவையில் கட்டடக்கலை படிக்கலாம். நம் மாவட்டத்துக் கட்டடங்களைப் பற்றி வெளியூரார் வந்து எழுதும்போது நம்முடைய வீடுகளின் உட்புறம் அவர்களுக்குத் தெரியாது. அடுப்பங்கரையும் உள்முற்றமும் பெண்கள் புழங்கும் விறாந்தையும் அவர்களுடைய புத்தகத்தில் வராது. உம்மம்மா கண்ணை மூடிச் சொல்லும் வீட்டைத் தாளில் வரைய ஒரு பேத்தியால்தான் முடியும். நான் அதைத் தொடங்கியிருக்கிறேன். கிணறும் முற்றமும் வரைந்தாகிவிட்டது. தூண்களின் எண்ணிக்கையில் உம்மம்மாவுக்கும் அவருடைய தங்கச்சிக்கும் இன்னும் சண்டை.

இப்போது என் தோழியின் கேள்விக்கு வருகிறேன். கற்பிட்டிக் கோட்டை யாருக்குச் சொந்தம்? சட்டப்படி அது அரசின் பாதுகாப்பிலுள்ள தொல்பொருட் சின்னம். கட்டத் திட்டமிட்டவர்கள் ஒல்லாந்தர். இழந்தவன் கண்டி மன்னன். காவல் காப்பது கடற்படை. ஆனால் அதன் நிழலில் வலை காயப்போடுகிறவர்களும், வெங்காயத் தோட்டத்துக்கு அந்த வழியால் போகிறவர்களும், அகதியாக அந்தக் கரையில் இறங்கியவர்களும் நாம்தான். ஒரு கட்டடத்தின் கதையை யார் சரியாகச் சொல்லத் தெரிந்து வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கே அது சொந்தம் என்பது என் கருத்து. நாம் சொல்லாவிட்டால் சுற்றுலா விடுதிக்காரர் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போவார். அந்த இரண்டு வரியில் நாம் இருக்க மாட்டோம்.

அடுத்த விடுமுறையில் வாப்பா, உம்மாவோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். வாசலில் மஞ்சள் செங்கல்லையும் மதிலில் முருகைக்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். ஒன்று கடல் கடந்து வந்தது, மற்றது இந்தக் கடலிலிருந்தே எடுத்தது.